இன்னொரு கீப்பரின் முழங்கால்

காற்பந்து ஏஜென்ட் தொழிலில், ஆட்டக்காரன் நன்றாக ஆடினால் அது அவனுடைய திறமை, பெஞ்சில் உட்கார்ந்தால் அது நாம் சொன்ன யோசனை. கல்யாணத் தரகர்களும் காப்புறுதி விற்பவர்களும் இதைப் படித்து இப்போதே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். யாருக்காவது "இங்கே போ, அங்கே போகாதே" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூச்சப்பட்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

உண்மையில் ஏஜென்ட் நான் இல்லை, பரிமளா அக்கா. இங்கே மலாய் நாட்டில், தீவிலிருக்கிற ஜார்ஜ்டவுனில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அக்கா யோசனை சொல்வார். செல்வம் என்கிற நான் காடி ஓட்டுவேன், போன் எடுப்பேன், திட்டு வாங்குவேன். முன்பு காப்புறுதி விற்றவன் என்பதால் மூன்றாவது வேலைக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் பாகான் டாலாம் தினேஷைப் பற்றியது. தினேஷ் கோல் கீப்பர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். இருந்த கிளப்பில் பல வருடமாக இரண்டாவது கீப்பர், அதாவது முதல் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் ஆடுகிறவன். அந்த ஆளுக்குக் காய்ச்சலே வரவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிறது. அடுத்த கிளப்பிலும் பெஞ்ச் என்றால் அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஆட்டம் அத்தோடு சரி. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பறக்கிற வீடியோ

புது கிளப் தேடும்போது முதல் வேலை, கோச்சுகளுக்கு வீடியோ அனுப்புவது. நாங்கள் அதைத் தொடங்குவதற்குள் ரவி முடித்துவிட்டான். ரவி, தினேஷின் மனைவி கவிதாவுக்கு அண்ணன். பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறான், ஓய்வு நேரத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவான். அந்தக் கைவண்ணத்தை மாப்பிள்ளையின் எதிர்காலத்திலும் காட்டிவிட்டான். தினேஷ் இடப்பக்கம் பாய்கிறான், வலப்பக்கம் பாய்கிறான், பாயும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் நெருப்பு எரிகிறது. நடுவில் ஓர் இடத்தில் ரோஜாப்பூ கூட விழுந்தது. பழைய கல்யாணத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டானாம்.

தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்றின் கோச் அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினார். மலாய்க்காரர், மரியாதையானவர். "பையன் நல்லாப் பறக்கிறான், ஆனா பந்து வர்ற இடத்துல முன்னாடியே நின்னா ஏன் பறக்கணும்?" என்று கேட்டார். நான் ரவியைத் திட்டத் தொடங்கினேன். அக்கா கலங்கவில்லை. தினேஷ் எப்போதோ ஆடிய ஒரு ஆட்டத்தை வெட்டாமல், இசை சேர்க்காமல், முழுசாக அனுப்பச் சொன்னார். அதில் அவன் ஒரு தடவைகூடப் பாயவில்லை. பின்கள ஆட்டக்காரர்களை "இடது, இடது, ஏறு" என்று கத்திக்கொண்டே இருப்பான், பந்து தானாக வந்து அவன் கையில் விழும். பார்த்த எனக்குக் கொட்டாவி வந்தது. ஒரு வாரம் கழித்து அதே கோச் மறுபடியும் கூப்பிட்டார்.

"அந்த மேட்ச் பார்க்கவே போரடிச்சுது. எனக்கு இந்த மாதிரி கீப்பர்தான் வேணும்."

அக்கா எதைப் பார்த்தார்

கோச் வேணும் என்றார், ஆனால் இரண்டாவது கீப்பராக. அந்தச் சின்ன விவரத்தைக் காதில் வாங்காமலே ரவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான். பெரிய கிளப், பெரிய ஸ்டேடியம், டிவியில் வருகிற கிளப். அக்கா மட்டும் நேரில் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்றார். பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, நானும் அக்காவும் தலைநகரம் போனோம்.

பயிற்சித் திடலைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். புல் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. ஜிம், மசாஜ் அறை, ஐஸ் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க வேணாம்னு யாரு சொல்வா?" என்றேன். அக்கா திடலை விட்டு நகரவே இல்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு, அந்த கிளப்பின் முதல் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். இளவட்டம். விழுகிறான், எழுகிறான், விழுகிறான், எழுகிறான். எழும்போது கையைத் தரையில் ஊன்றுவதே இல்லை. அக்கா பெருமூச்சு விட்டுப் பிளாஸ்கை மூடினார். ஆட்டத்தை இப்படியும் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கிளப்பை எல்லோரும் பார்க்கிறார்கள், இந்த அம்மாள் ஒருவர்தான் காலியாகப் போகிற இடத்தைப் பார்க்கிறார்.

"செல்வம், கீப்பர் போற எடத்துல புல்லைப் பார்க்கக் கூடாது, ஏற்கனவே அங்க நிக்கிறவன் முழங்காலைப் பார்க்கணும்."

வீட்டாளுங்க பக்கம்

வடக்கே ஒரு சின்ன கிளப்பும் தினேஷைக் கேட்டிருந்தது. திடலில் புல்லை விட மண் அதிகம். ஐஸ் தொட்டி கேட்டால் மீன் பெட்டியைக் காட்டுவார்கள். அங்கேயும் ஓர் ஆட்டம் பார்க்கப் போனோம். வாசலில் காவலர் அக்காவைத் தடுத்தார். சேலை கட்டி, கையில் பிளாஸ்கோடு வந்த பெண்மணியை ஏஜென்ட் என்று அவர் நினைக்கவில்லை. ஆட்டக்காரர் யாருக்கோ அம்மா என்று எண்ணிக் குடும்பத்தார் உட்காரும் பக்கம் கையைக் காட்டினார். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நன்றி சொல்லி, சந்தோஷமாக அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தார்.

போகப் போகத்தான் புரிந்தது, அக்கா எந்த ஸ்டேடியத்துக்குப் போனாலும் அங்கேதான் உட்காருவார். முக்கியஸ்தர்கள் இடத்தில் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த கிளப்பின் முதல் கீப்பருடைய மனைவி. அக்கா முறுக்கு கொடுத்தார், அவர் வாழைப்பழப் பலகாரம் கொடுத்தார். பாதி ஆட்டம் முடிவதற்குள் இருவரும் மலாயில் குடும்பக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கீப்பருக்கு முழங்கால் சரியில்லை என்பதோடு அக்கா ரவியிடம் நிறுத்திக்கொண்டார், அந்தப் பெண் சொன்னதைச் சொல்லவில்லை. இப்போது அந்தக் கீப்பர் ஓய்வு பெற்றுவிட்டதால் நான் சொல்கிறேன்.

"நாங்க வீடு மாத்திட்டோம் அக்கா, இப்ப கீழ்வீடு. படி ஏறினா கால் வலிக்குதுனு கிளப்ல சொல்ல மாட்டாரு, என்கிட்ட மட்டும்தான் சொல்வாரு."

கிளவ்ஸ்

முடிவு சொல்ல தினேஷின் பாகான் டாலாம் பிளாட்டுக்குப் போனோம். கவிதா தேத்தண்ணி வைத்தாள். ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்க்கிறவள், வேலை முடிந்து சீருடையோடே உட்கார்ந்திருந்தாள். ரவிதான் முதலில் பேசினான். பெரிய கிளப்பை விட்டுவிட்டு மண் திடலுக்குப் போகச் சொல்கிற ஏஜென்ட்டை அவன் இப்போதுதான் பார்க்கிறானாம். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சின்ன கிளப்பில் சம்பளமும் குறைவு, பேரும் குறைவு.

அக்கா ரவிக்குப் பதில் சொல்லவில்லை. தினேஷிடம், "தம்பி, மேட்ச் நாளு காலைல உனக்குக் கடைசியா எப்ப வயித்தப் பெரட்டுச்சு?" என்று கேட்டார். தினேஷ் யோசித்தான். கூரையைப் பார்த்தான். பெஞ்சில் உட்காரப் போகிறவனுக்கு எதற்கு வயிற்றைப் புரட்டப்போகிறது? நன்றாகப் பசியாறிவிட்டுப் பஸ் ஏறுவான்.   கவிதாதான் பேசினாள். மற்ற உடைகளை கிளப் துவைத்துவிடும், கையில் மாட்டுகிற கிளவ்ஸ் மட்டும் கீப்பரின் சொந்தப் பொருள், அது வீட்டுக்கு வரும்.

"அக்கா, முன்னெல்லாம் இவரு கிளவ்ஸ நான் வாராவாரம் துவைப்பேன். இப்ப வர்றப்பவே சுத்தமா வருது, மடிச்சு வெச்சா போதும்."

முழங்கால் ஜோசியம்

தினேஷ் வடக்கே போனான். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். படி ஏற முடியாத அந்த மூத்த கீப்பர், முழங்காலில் பட்டை மேல் பட்டையாகச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமும் ஆடினார், அதுவும் பிரமாதமாக. சீசன் பாதி ஆகிவிட்டது. ஆபீஸுக்கு ரவி வந்த அன்று கீழே பூக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார், அவ்வளவு சத்தம். "என் மாப்ள வாழ்க்கைல முழங்கால் ஜோசியம் பார்த்துட்டீங்களேலா!" என்று கத்தினான். வேறொரு ஏஜென்ட் மூலம் எங்கோ ஓர் இடம் பிடித்திருந்தான், நடு சீசனிலேயே மாறிவிடலாம் என்றான். அந்த இடத்திலும் முதல் கீப்பர் ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் அவன் விசாரிக்கவில்லை.

நம் தொழிலில் இந்த மாதிரி நேரத்துக்கென்று பேச்சு இருக்கிறது. கோச் சரியில்லை, கிளப்பில் அரசியல், நேரம் சரியில்லை. நான் அத்தனையையும் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். அக்கா எதையும் தொடவில்லை. தினேஷுக்குப் போன் போட்டு, ரவி கேட்கும்படியே பேசினார். "தம்பி, நான் அந்த மனுசனோட காலப் பார்த்தேன், பிடிவாதத்தப் பார்க்கல. அது என் தப்பு. நீ போகணும்னா நான் தடுக்கல. ஆனா என்னைக் கேட்டா, இப்பவும் இருன்னுதான் சொல்வேன்" என்றார். ஏஜென்ட் ஒருவர் கட்சிக்காரரிடம் "என் தப்பு" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கட்சிக்காரர் போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. தினேஷின் பதில் போனில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இதுவரைக்கும் என் கேரியர்ல யாருமே தப்பு பண்ணினதில்ல அக்கா, எல்லாத்துக்கும் என் நேரம்தான் காரணம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் தப்பு உங்களதுன்னு சொல்லியிருக்கீங்க, நான் இங்கயே இருக்கேன்."

சேறு

அந்த மூத்த கீப்பர் கடைசியில் ஆட்டத்தில் விழவில்லை, ஆட்டத்துக்கு முந்திய வார்ம்-அப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. நானும் அக்காவும் ரவியும் அன்று குடும்பத்தார் பக்கம்தான் இருந்தோம். அவருடைய மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அக்கா ஆட்டம் தொடங்கியதைக்கூடப் பார்க்காமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எந்த முழங்காலை எண்ணி யோசனை சொன்னாரோ, அந்த முழங்காலுக்காக அக்கா அழுததை நான் பார்த்தேன். இதைச் சொன்னதற்குத் திட்டுவார், பரவாயில்லை.

தினேஷ் இறங்கினான். கிளவ்ஸை மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டியது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. மழை வேறு. முதல் பந்தை நழுவவிட்டான், கோல். ரவி நெற்றியில் அடித்துக்கொண்டான். அதற்கப்புறம் தினேஷ் கத்த ஆரம்பித்தான். "இடது, இடது, ஏறு!" அந்தப் போரடிக்கிற வீடியோவில் கேட்ட அதே குரல். மீதி ஆட்டம் முழுக்கப் பந்து வருகிற இடத்தில் முன்னாடியே நின்றான், ஒரே ஒரு தடவைதான் பறக்க வேண்டி வந்தது, சேற்றில் விழுந்து பந்தை அமுக்கிக்கொண்டான். அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அடுத்த வாரமும் கோச் அவனையே நிறுத்தினார், அதற்கடுத்த வாரமும். இப்போது அந்த கிளப்பின் முதல் கீப்பர் தினேஷ்தான். ரவி நெருப்போடு புது வீடியோ செய்துகொண்டிருக்கிறான், நாங்கள் யாருக்கும் அனுப்பவில்லை.

அந்தத் தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. பாகான் டாலாம் பிளாட், துணி காயப்போடும் மூங்கில், அதில் தொங்குகிற ஒரு ஜோடி கிளவ்ஸ். வெள்ளையாக இருந்ததன் அடையாளமே இல்லை. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். கூடவே கவிதாவின் குரல் பதிவு.

"அக்கா, ரெண்டு தண்ணி அலசியும் சேறு போக மாட்டேங்குதுலா, என்ன சோப்பு போடலாம்?"

அக்கா உடனே இன்னொரு கீப்பரின் வீட்டுக்கு, அதாவது அந்த மூத்தவரின் மனைவிக்கு, போன் போட்டுச் சேறு போகிற சோப்பு எது என்று விசாரிக்கத் தொடங்கினார். ஏஜென்ட் சொன்ன ஒரு யோசனை பலித்துவிட்டால் அதற்கப்புறம் சோப்புக்கும் அவர்தான் பொறுப்பு.