நாற்பது பேப்பர் தொட்டிகள்

தங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் கணவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ராஜகோபாலன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கில் லீவு, பென்ஷன், குவார்ட்டர்ஸ் என்று யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். வீட்டில் கேஸ் தீர்ந்தது தெரியாத மனுஷருக்கு எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

தங்கம் கீழ் வீட்டுக்காரி. நாங்கள் இரண்டாவது மாடி. அம்பாசமுத்திரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். முதலில் சரோஜினி நகரில் இருந்தார்கள். அங்கே பழைய குவார்ட்டர்ஸை இடித்தபோது இங்கே மாற்றிக் கொடுத்தார்கள். வந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் உட்கார்ந்து செங்கல் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது கவர்மெண்ட் இடம்மா. நாளைக்கே காலி பண்ணுன்னாலும் பண்ணணும்" என்றேன்.

"சொல்லும்போது போவோம் மாமி. அதுவரைக்கும் கத்திரிக்கா காய்க்கட்டுமே" என்றாள்.

ஜனவரி கடைசியில், பனிமூட்டம் போவதற்கு முன்பே, தொட்டி செய்ய ஆரம்பித்துவிடுவாள். இந்தி நியூஸ்பேப்பரை நீளவாக்கில் கிழித்து, எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி உருட்டி, அடியில் மடித்துத் தட்டி, டம்ளரை உருவிவிடுவாள். பசை கிடையாது, நூல் கிடையாது. உள்ளே மண்ணும் உரமும் போட்டு இரண்டு விதை. நாலைந்து வாரத்தில் நாற்று நிமிர்ந்ததும் தொட்டியோடு மண்ணில் இறக்கிவிடுவாள். பேப்பர் தானாக மக்கிப் போகும், வேருக்கு இடம் மாறியதே தெரியாது என்பாள். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் இப்படித்தான்.

அவளுக்கு இந்தி பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துத்தான் கிழிப்பாள். சாமி படம் இருந்தால் வெட்டித் தனியே வைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில் அவள் கணவர் வடிவேல் பஸ் ஸ்டாப்பில் விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு இரங்கல் விளம்பரப் பக்கத்தையும் ஒதுக்கி வைத்தாள். "யாரு வீட்டு மனுசரோ, எதுக்கு மண்ணுல போட்டு மக்க வைக்கணும்" என்றாள்.

வடிவேல் சர்வீஸில் இருக்கும்போது போனதால் அவர் மகள் கவிப்ரியாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம் என்று என் கணவர் சொன்னார். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். இரண்டு வருஷத்துக்குள் வேலை கிடைத்துவிட்டால் வீட்டையும் அவள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பெண் பி.காம். முடித்த கையோடு குர்காவ்னில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. ராஜகோபாலன் வேண்டாம் என்றார். "வீட்ல ஒருத்தி சம்பாதிக்கறான்னு ஃபைல்ல ஏறிடுத்துன்னா கேஸ் வீக் ஆயிடும். பொறுமையா இரும்மா."

"டீக் ஹை அங்கிள்" என்று அவள் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தாள்.

இந்த வருஷம் ஜனவரியில் கருணை வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கமிட்டி கூடியது. தங்கம் நாற்பது தொட்டி செய்தாள். நாற்றெல்லாம் ஜோராக வந்தன. ஆனால் மண்ணில் இறக்கவில்லை. பழக்கடை மரப்பெட்டி இரண்டில் அடுக்கிப் பின்படியிலேயே வைத்திருந்தாள்.

"ஏன் நடலை?" என்று கேட்டேன்.

"ஆர்டர் வரட்டும் மாமி. வந்தா இங்கயே நடுதேன். வரலைன்னா போற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். இப்ப நட்டுட்டு, வேர் புடிச்ச பிறவு புடுங்கச் சொல்லுதீகளா?"

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் என் கணவர் ஆபீசிலிருந்து வந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கவிப்ரியா பேர் லிஸ்ட்ல இல்லே."

"கீழே போய்ச் சொல்லிடலாமா?"

"அஃபீஷியலா லெட்டர் வரட்டும். எனக்குச் சொன்னவனுக்கு வம்பு. நாம வாயத் திறக்கப்படாது."

பால் பாக்கெட் பத்து நிமிஷம் தாமதமானால் பால்கார பையாவை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் நான். அன்றைக்குச் சரி என்றேன். விதி, ரகசியம் என்றெல்லாம் இவர் சொன்னதற்காக இல்லை. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிற ஆளாக இருக்க எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

நாலு நாள் கழித்து சாயங்காலம் அவர்கள் பின்படியில் உட்கார்ந்திருந்தேன். தங்கம் நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கவிப்ரியாவின் போன் அடித்தது. அதே குர்காவ்ன் கம்பெனி. இன்னொரு இடம் காலியாம், திங்கட்கிழமையே சேரலாமாம். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"மாமி, க்யா போலூ? என்ன சொல்லட்டும்?"

நான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் ஊறிய பேப்பரைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர் வெளியே வந்திருந்தது. சேர்ந்துக்கோ என்ற ஒரு வார்த்தை போதும். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன்.

"ஏட்டி, மாமி முழிக்கிறதப் பாரு" என்று தங்கம் சிரித்தாள். "கெட்டது எதாவது இருந்தா மாமா சொல்லியிருக்க மாட்டாகளா? இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. வேண்டாம்னு சொல்லிரு."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

லெட்டர் மார்ச் ஒன்பதாம் தேதி வந்தது. காலியிடங்கள் குறைவு, பெயரைப் பரிந்துரைக்க இயலவில்லை, நாலே வரி. கவிப்ரியா குர்காவ்னுக்குப் போன் செய்தாள். வேறொருத்தி சேர்ந்துவிட்டாளாம். என் கணவர் மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். "அந்தப் பேனாவை மூடி வையுங்கோ" என்று கத்தினேன். அவர் மூடி வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

உத்தம் நகர் பக்கம் மூன்றாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி டெம்போ வந்தது. சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது தங்கம் இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அங்க வெயிலே இல்ல மாமி. ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. நீங்க வச்சுக்கிடுங்க."

"எங்கிட்ட மண் ஏது தங்கம்?"

"வர்ற ஆளுக விட்டா கீழ அதே எடத்துல நட்டுருங்க. எங்களுக்கு மாமா எவ்வளவு செஞ்சாக. நீங்களும் அந்தப் போன் வந்த அன்னைக்கு அவ பக்கத்துலயே இருந்தீக. சொந்தக்காரங்க கூட இப்படிப் பாக்க மாட்டாக."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டெம்போக்காரன் கூப்பிடறான் பாரு, ஜல்தி போ" என்றேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பெட்டிகளோடு கீழே போனேன். வீடு பூட்டியிருந்தது, நிலம் திறந்துதான் கிடந்தது. முதல் தொட்டியைத் தூக்கினேன். பேப்பர் கையோடு வந்தது, மண் பொலபொலவென்று கொட்டியது. ஒன்றின் வேர் அடுத்ததில் பின்னிக் கிடந்ததால் பிரித்தபோது அறுந்தது. நாற்பதையும் எப்படியோ நட்டேன். ஏப்ரல் வெயில் அதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டிருந்தது. காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். ஆறாம் நாள் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஒடிந்த தண்டுகளை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கம் போன் செய்தாள். கவிப்ரியா வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் அமையவில்லை என்றாள். அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்றாள். பிறகு, "நாத்து எப்படி இருக்கு மாமி?" என்று கேட்டாள்.

"நன்னா இருக்கு."

"தக்காளி பூ விட்டிருக்குமே இந்நேரம்?"

"விட்டிருக்கு" என்றேன்.