வாய்ப் பருவம்

பி.எட். தேர்வுக்காக என் மகள் குழந்தை வளர்ச்சிப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முதல் பருவம் வாய்ப் பருவமாம். அப்போது ஏங்கிப்போன பிள்ளை வளர்ந்த பிறகும் விரல் சூப்புமாம். கேட்டதும் என் நாக்கில் வேப்பெண்ணெய் கசந்தது.

நான் ஆறு வயதிலும் விரல் சூப்பினேன். கைக்குழந்தையாக இருந்தபோதே என்னைப் பெற்றவள் இறந்துவிட்டாள். செந்துறை வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்ட அத்தை, தினமும் என் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவார். அந்த வருடம் அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்த மூன்றாம் நாளே சின்னம்மா என் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

"பல்லு கோணிக்கும். அப்புறம் யாரு கட்டிக்குவா?" என்றார் அத்தை.

"கோணட்டுங்க அண்ணி. தாயில்லாத புள்ளைக்கு இருக்கிறது அந்த ஒரு வெரலுதான். அதையும் கசக்க வைக்கணுமா?"

புதுப்பெண் எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று அத்தை கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சின்னம்மா அசரவில்லை. முந்திரித்தோப்பு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்று என்னிடம் சொல்வார். மழையானாலும் நனைந்துகொண்டே வந்துவிடுவார். அடுத்த வருடத்துக்குள் நான் விரலை மறந்திருந்தேன். எந்த நாளில் விட்டேன் என்று எனக்கே தெரியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் புத்தகத்தை மூடியிருந்தாள்.

"எந்தச் சின்னம்மாவைச் சொல்றம்மா? நான் பார்த்ததே இல்லையே?"

"ஜெயங்கொண்டத்துல இருக்குற உன் அம்மாயிதான்டி" என்றேன்.

அவர் என்னைப் பெற்றவர் இல்லை என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது.