புல்லியில் இட்ட சந்தனக் கோடு

காரை விற்றுவிடலாம் என்று கணவர் முடிவு செய்திருந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால் வண்டி நடுங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை கூசும். மெக்கானிக், இன்ஜினைத் தாங்கும் மவுண்டை மாற்றிப் பார்த்தார். நடுக்கம் போகவில்லை. "இனிமே இன்ஜினத்தான் பிரிக்கணும்" என்றார். பழைய வண்டிக்கு அது வேண்டாம் என்பது கணவரின் எண்ணம்.

எனக்கு வேறு கவலை. மகளுக்கு இரண்டு வயது. பனி இறங்கினால் வீசிங் வந்துவிடும். எங்கள் ஊர் பண்டசோழநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே அவள் மூச்சை எண்ணிய ஒரு காலைப்பொழுதே எனக்குப் போதும். கணவர் திருபுவனைக் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும்போது அவளை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோவது நான்தான்.

பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்தேன். ஒன்றை விட்டுவிட்டால் அதனாலேயே ஏதாவது நடந்துவிடுமோ என்று நினைக்கிற ஆள் நான். சக்கரங்கள், பானெட், பேட்டரி எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. மவுண்ட் மாற்றியபோது கழற்றிய மூடியை யாரும் திரும்ப மாட்டவில்லை. அதனால் முன்சக்கரத்துக்கு உட்புறம் பெல்ட் சுற்றும் பெரிய புல்லி தெரிந்தது. அதையும் விடவில்லை. நடுவிலிருந்து விளிம்பு வரை சந்தனத்தால் கெட்டியாக ஒரு கோடு இழுத்தேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வில்லியனூர் கோயில் வரை போய் வந்தோம். வந்ததும் பொட்டுகளைச் சரிபார்த்தேன். புல்லியில் சந்தனம் பாதி உதிர்ந்திருந்தது. மிச்சக் கோடு இரண்டாக உடைந்து, வெளிப்பாதி இரண்டு விரல் தள்ளி நின்றது.

"கோணலா போட்டிருப்ப. உனக்கு இன்னாத்த பாத்தாலும் சந்தேகம்" என்றார் கணவர்.

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இழுத்தது ஒரே கோடு. மகள் மதியம் தூங்கியபோது போனில் தேடிப் படித்தேன். அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் வண்டிச் சக்கரக் குடம் மாதிரி ஒரு துண்டு, வெளியே கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். இன்ஜினுக்குள் ஒவ்வொரு முறை எரிபொருள் வெடித்துத் தள்ளும்போதும், புல்லியைத் தாங்கும் கிராங்க் தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த அதிர்ச்சியை வளையமும் ரப்பரும் வாங்கிக்கொள்ளும். விக்கல் எடுக்கும் குழந்தையின் முதுகில் நாம் கை வைப்பதில்லையா, அது மாதிரி. ரப்பர் விட்டுப்போனால் வளையம் தனியாக நழுவும். என் கோடு உடைந்தது அதனால்தான்.

வொர்க்‌ஷாப் திறந்ததும் மூவரும் போனோம்.

"அண்ணா, கிராங்க் புல்லியப் பாருங்க. ரப்பர் விட்டுடுச்சுன்னு நினைக்கிறேன்."

"யாரும்மா சொன்னது?"

"சந்தனக் கோடு நகர்ந்திருக்கு."

"சாமியே வந்து சொல்லிச்சா?" என்று சிரித்தபடியே குனிந்தார். வெளி வளையத்தைப் பிடித்து அசைத்தார். சிரிப்பு நின்றது. "ஆமாம்பா. நான் மவுண்ட்டையே பாத்துக்கினு இருந்துட்டேன்."

மறுநாள் புதுப் புல்லி வந்தது. போல்ட்டைக் கழற்றியும் பழையது அசையவில்லை. அவர் சுத்தியை எடுத்தார்.

"அண்ணா, அடிக்காதீங்க. புல்லர் போட்டு இழுங்க. அடி கிராங்குக்குள்ள போயிடும்."

சொன்ன பிறகுதான், கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றியது. அவர் என் கணவரைப் பார்த்தார்.

"வூட்டுல எப்பிடிப்பா சமாளிக்கிற?"

"வாயத் தொறக்கறதில்லண்ணா."

சுத்தியை வைத்துவிட்டுப் புல்லரைத் தேடி எடுத்தார். புல்லி வெளியே வந்தபோது வளையம் அவர் கையில் தனியாகக் கழன்றது. ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு துண்டையும் என்னிடம் நீட்டினார்.

புதியதை மாட்டி, போல்ட்டை முறுக்கி, ஸ்டார்ட் செய்தார். பானெட் மேல் வைத்திருந்த மகளின் பாட்டிலில் தண்ணீர் கொஞ்சமும் நடுங்கவில்லை. சாவியைத் தருவார் என்று பார்த்தேன். அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சாக்பீஸைத் தந்தார்.

"கோட்டப் போடும்மா. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பாப்போம்."

போட்டேன். ஏரிக்கரை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. கோடு ஒரே கோடாக இருந்தது.

விற்கும் பேச்சைக் கணவர் எடுக்கவேயில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, நான் கை காட்டுவதற்கு முன்பே, ஸ்டியரிங்கை எனக்கு விட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் கோட்டைப் பார்க்க ஒரே ஒரு முறைதான் வண்டியை நிறுத்தினேன்.