பட்டியலில் ஏழாவது பெயர்

“ஊசி இல்ல. மாத்திரை இல்ல. தேய்க்கிற களிம்புகூட இல்ல. போதுமா?” என்றார் டெல் ஹாலோனன்.

பெவ் எதுவுமே கேட்கவில்லை. காபி ஜாடியோடு வந்து அவர் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கெட்டில் லேக் ஊரில் விடிந்ததும் திறக்கிற ஒரே சாப்பாட்டுக் கடை அது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“முட்டை எப்படி வேணும் டெல்?” என்றாள் பெவ்.

“வேணாம்.”

“நான் பேப்பரெல்லாம் படிக்கிறதில்லப்பா.”

“அப்ப என் பேர் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டெல் கோப்பையைத் தொடாமல் எழுந்து வெளியே போனார். ஏரியில் ஐஸ் இன்னும் உடைந்திருக்கவில்லை. காற்று கன்னத்தில் அறைந்தது. அதற்கும் ஒரு திட்டு திட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

முந்தின நாள் பேப்பரில் அவர் பெயர் வந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெரிய லீக்கில் ஆடிய பேஸ்பால்காரர்கள் எல்லோரையும் ஊக்கமருந்துக்காகச் சோதித்தார்கள். யார் பெயரும் வெளியே வராது என்று லீக்கும் ஆட்டக்காரர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்ட சோதனை அது. தலையை எண்ணுவதற்கு மட்டும்தான். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் மாட்டினால் அடுத்த வருடத்திலிருந்து தண்டனையோடு நிஜமான சோதனை வரும். இல்லையென்றால் பழையபடியே ஆடிக்கொள்ளலாம். எண்ணி முடித்ததும் பட்டியலைக் கொளுத்திவிட வேண்டும் என்பது பேச்சு. கொளுத்தவில்லை. இப்போது முகம் தெரியாத வக்கீல்கள் யாரோ மாதத்துக்கு ஒரு பெயராகப் பேப்பர்காரர்கள் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆறு பெயரும் பெரிய கைகள். வீடும் வக்கீலும் உள்ளவர்கள். ஏழாவது பெயர் டெல் ஹாலோனன். இரண்டே சீசன் ஆடிய மாற்று கேட்சர். பந்து எறிகிறவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிற வேலை. அந்த வேலை அவர் முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. இப்போது படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறார். ரிப்பேர் நன்றாகச் செய்வார், வாய்தான் நன்றாக இருக்காது என்று ஊரில் சொல்வார்கள்.

டெல்லிடம் பெருமைக்கென்று இருந்தது ஒரு பலகைதான். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் பச்சைப் பலகை ஒன்று நின்றது. ‘கெட்டில் லேக். மக்கள் தொகை 1,140. பெரிய லீக் வீரர் டெல் ஹாலோனனின் ஊர்.’ அதை எடுப்பதா விடுவதா என்று செவ்வாய்க்கிழமை ஊர்க் கவுன்சிலில் ஓட்டு. அந்தச் செய்தியை டெல்லின் கடைக்குக் கவுன்சில் தலைவர் ஸ்டான் ப்ரெபிச்தான் கொண்டுவந்தார். ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“நான் சொல்லல டெல். ஜனங்க சொல்றாங்க.”

“எந்த ஜனம்? பேரச் சொல்லு. பேர வெளிய விடுறதுதான இப்ப நாகரிகம்?”

“இப்படிப் பேசுறதாலதான் உனக்கு ஒருத்தனும் பரிஞ்சு பேச மாட்டேங்கிறான்.”

“பரிஞ்சு பேச நான் யாரையும் கூப்பிடல.”

ஸ்டான் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். “நான் ஒண்ணுதான்டா கேக்குறேன். நாங்க டிக்கெட் வாங்கிப் பார்த்தவங்க. யார் சுத்தம், யார் அழுக்குன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இல்லையா? மொத்தப் பட்டியலையும் திறந்துவிட்டா நல்லவன் தப்பிச்சுப் போவான்ல?”

“உன் மூத்திரம் டெஸ்ட்டுக்குப் போன ரிசல்ட்ட கவுன்சில் கதவுல ஒட்டட்டுமா?”

“நான் பெரிய லீக்ல ஆடலயே.”

“நீ சின்ன லீக்லயே ஆடல. பெஞ்சத் தேய்ச்ச. போ வெளிய.”

ஸ்டானிடம் சொல்லியிருக்கலாம். டெல் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற மாதிரியான கதை இல்லை அது.

சோதனை நடந்த வருடத்து வசந்தகாலப் பயிற்சி முகாமில் டெல்லுக்கும் டெர்ரி வாஸுக்கும் ஒரே இடத்துக்குப் போட்டி. ஒரு குளிர்காலம் முடிந்து வந்தபோது வாஸின் கழுத்து இரண்டு சட்டை அளவு பெருத்திருந்தது. முதுகெல்லாம் பரு. முந்தின வருடம் வேலிக்கு முன்னாலேயே விழுந்த பந்துகள் இப்போது வேலியைத் தாண்டி கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தன. ஊக்கமருந்துதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடை மாற்றும் அறையில் உள்ளதை வெளியே பேசினால் அப்புறம் அங்கே நாற்காலி கிடைக்காது.

அப்போதுதான் சுத்தமாக ஆடுகிற ஐந்து பேர் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். சோதனைக்கு மூத்திரம் பிடித்துத் தருகிற கப்பை வாங்க மறுத்தால், மறுத்தவனையும் மாட்டினவன் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அது விதி. அப்படியென்றால் நாம் மறுப்போம். எண்ணிக்கை ஏறட்டும். ஐந்து சதவீதம் தாண்டட்டும். அடுத்த வருடம் நிஜமான சோதனை வந்தால் வாஸ் மாதிரி ஆட்களின் ஆட்டம் அடங்கும். பெயர்தான் வெளியே வராதே, பிறகென்ன பயம்?

சங்கத்து ஆள் வந்து அதட்டியதும் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். டெல்லுக்குக் கழன்றுகொள்ளத் தெரியாது. மாதிரி எடுக்க வந்திருந்த பெரியவர் மெர்வின் டட்டில், மூடி போட்ட கப்பை மேசையில் வைத்துவிட்டு, “சட்டைய நெஞ்சுவரைக்கும் தூக்கணும், கால்சட்டை முட்டிக்குக் கீழ, நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்” என்று எல்லோரிடமும் ஒப்பிப்பதை ஒப்பித்தார்.

“வேணாம். நான் தர மாட்டேன்.”

“தம்பி, தராட்டி என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“தெரியும். எழுதுங்க.”

மறுத்தார் என்று எழுதி மெர்வின் நீட்டிய தாளில் டெல் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு பெருமை. எண்ணிக்கை தாண்டியது, சோதனையும் வந்தது. ஆனால் அதற்குள் முழங்கால் போய், டெல் வீட்டுக்கு வந்துவிட்டார். வாஸ் இன்னும் நான்கு வருடம் ஆடினான்.

பேப்பரில் பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘மறுத்தார்’ வரவில்லை.

டெல் சங்கத்து வக்கீலுக்குப் போன் போட்டார்.

“தயவுசெஞ்சு எதுவும் பேசாதீங்க மிஸ்டர் ஹாலோனன். பட்டியல் கோர்ட்ல சீல் வச்சிருக்கு. நீங்க விளக்கம் சொன்னா பட்டியல் நிஜம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மத்தவங்களுக்கும் பாதிப்பு.”

“எனக்கு?”

“உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது.”

“புரிஞ்சு என்ன பண்ணப் போற, உப்புக்கண்டம் போடப் போறியா?” என்று கேட்டுவிட்டு டெல் போனை வைத்தார்.

வீட்டில் மகள் கிறிஸ்டா மூன்று வாரக் குழந்தையோடு வந்திருந்தாள். அவளும் அப்பாவிடம் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. நம்புகிறேன் என்று சொல்ல அவளுக்குத் தயக்கம்; நம்பவில்லை என்று சொல்லவும் தயக்கம். அந்த வீட்டில் பேப்பர் படிக்காதது குழந்தை மட்டும்தான். டெல்லின் கனத்த, கோணிப்போன விரலை ஐந்து விரலாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாயோரம் பால் வழிய, ஒரு கொட்டாவி விட்டது பாருங்கள், உலகத்தில் இதுவரை யாருமே கொட்டாவி விட்டதில்லை என்கிற மாதிரி! அந்த ஐந்து நிமிடம் டெல் யாரையும் திட்டவில்லை. அந்த வாரத்திலேயே அது ஒன்றுதான் அப்படிப்பட்ட ஐந்து நிமிடம்.

திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி மெர்வின் டட்டிலைத் தேடிப் போனார். கிழவர் வலைக்கதவைத் திறக்காமலே பேசினார்.

“வருவீங்கன்னு தெரியும்.”

“நான் மறுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு எங்க ஊர்ல.”

“சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“உங்க சத்தியம் என் பேரத் தின்னுட்டுது பெரியவரே.”

மெர்வின் உள்ளே போய் ஒரு பாக்கெட் நோட்டோடு வந்தார். வைத்திருக்கவே கூடாத நோட்டு. ஒவ்வொரு நாளும் யார் வந்தார்கள், எத்தனை மணி, என்ன நடந்தது என்று தன் திருப்திக்காகக் குறித்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பி வலைக்கு இந்தப் பக்கம் தெரியும்படி பிடித்தார். மேல் பாதியில், ‘ஹாலோனன். மறுத்தார். மரியாதையாகவே மறுத்தார்’ என்று இருந்தது. கீழ்ப் பாதியை உள்ளங்கையால் மறைத்திருந்தார்.

“கீழ என்ன?”

“உங்களுக்கு அப்புறம் வந்த ஆள்.”

“வாஸ்.”

“நான் பேர் சொல்லல.”

“எனக்கு அப்புறம் கதவுக்கு வெளிய நின்னது அவன் ஒருத்தன்தான். என்ன எழுதியிருக்கீங்க?”

“மூணு தடவ வெளிய போய் வந்தார், நாலாவது தடவதான் கப்பு நிறைஞ்சுதுன்னு எழுதியிருக்கேன். அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. ஆள் பக்கத்துல நின்னு பார்த்தா பாதிப் பேருக்கு மூத்திரம் வராது. ரிசல்ட் எனக்கே தெரியாது.”

“ஊர் அர்த்தம் கண்டுபிடிச்சுக்கும்.”

“அதனாலதான் கைய எடுக்க மாட்டேங்கிறேன்.”

டெல் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். பாதி வழி வரைக்கும் வேறு வேறு கெட்ட வார்த்தைகளாக யோசித்துக்கொண்டே வந்தார்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, கவுன்சில் கூடுகிற தீயணைப்பு நிலையக் கூடத்தில் உட்கார இடமில்லை. நகரத்துப் பேப்பரிலிருந்து ஒரு பெண் முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். டெல் எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கப், ஐந்து பேர், எண்ணிக்கை, எல்லாம்.

கூடம் சிரித்தது.

“சுத்தமானவன்னு காட்டத்தான் டெஸ்ட்டுக்கு மாட்டேன்னியா?” என்றது ஒரு குரல்.

“நான்கூடக் குடிக்கலன்னு காட்டத்தான் போலீஸ்காரர் குழாய்ல ஊத மாட்டேன்னேன்!” என்றது இன்னொன்று.

ஸ்டான் மேசையைத் தட்டினார். “ஆதாரம் ஏதாவது இருக்கா டெல்?”

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உரசியது. மெர்வின் டட்டில். இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர் ஸ்டானைப் பார்க்கவில்லை, டெல்லைப் பார்த்தார். நீ தலையை ஆட்டு, எடுத்துவிடுகிறேன் என்கிற பார்வை.

டெல் அந்தப் பேனாவைப் பார்த்தார். நோட்டு வெளியே வந்தால் அந்தப் பெண் மேல் பாதியோடு நிறுத்தமாட்டாள். யாருமே நிறுத்தமாட்டார்கள். மூன்று தடவை வெளியே போனான் என்பதே நாளைக் காலைப் பேப்பரில் எட்டாவது பெயராகிவிடும். வாஸ் மருந்து எடுத்தான் என்பதில் டெல்லுக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. அவன் மேல் இரக்கமும் கிடையாது. எதிரே வந்தால் மூக்கை உடைக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் மருந்து என்று எழுதியிருக்கவில்லை. ஒருவனுக்கு மூத்திரம் வரவில்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

“யாருங்க அது? என்ன விஷயம்?” என்றார் ஸ்டான்.

“ஒண்ணுமில்ல. உக்காருங்க பெரியவரே,” என்றார் டெல். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினார். “ஆதாரம் இல்ல. கேட்டுக்குங்க. வெளிய விடணும்னா ஒவ்வொருத்தன் பேர்லயும் என்ன நடந்துச்சுன்னு முழுசா, ஒரே நாள்ல, அவன் பக்கப் பேச்சோட விடணும். முடியலயா, சொன்ன மாதிரி கொளுத்தணும். பேர மட்டும் பிச்சு எறியிறது நாய்க்கு எலும்பு போடுற வேலை. நீங்க நல்லா மெல்றீங்க.”

அது ஓட்டுக் கேட்கிற பேச்சு இல்லை. நான்குக்கு ஒன்று என்று தோற்றார். அந்த ஒரு ஓட்டு பெவ் போட்டது. அவளும் கவுன்சிலில் இருந்தாள். வாசலில் மெர்வின் ஏதோ சொல்ல வந்தார். டெல் நிற்கவில்லை. கிறிஸ்டா மட்டும் பின்னாலேயே ஓடி வந்து வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

“மூணாவது வரிசையில ஒருத்தன் சிரிச்சான்பா. யாருன்னு பார்த்து வச்சிருக்கேன்,” என்றாள்.

மறுநாள் காலையில் சாலைத் துறைக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே டெல் ஏணியோடு அங்கே போய்விட்டார். துருப்பிடித்த நான்கு போல்ட்டையும் எண்ணெய் விட்டு அவரே கழற்றினார். பலகையை இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டான் காரை ஓரம் கட்டினார். கண்ணாடியை இறக்கி, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார்.

“மனசுலதான் வச்சிருக்கேன் ஸ்டான். நிறைய இடம் இருக்கு, எல்லாரையும் வச்சிருக்கேன். உன் படகு இன்ஜின் போன வாரத்துலயிருந்து என் கடையில பிரிச்சுக் கிடக்கு. ஒரு சாக்கு கொண்டுவந்து அள்ளிட்டுப் போ.”