கதவில் கீறிய பெயர்

எண்பதுகளில், ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வாகனப் பட்டறையில் வெல்டராக இருந்தேன். டேவ் என்ற முதியவர் ஒரு பழைய ராணுவ ட்ரக்கைக் கொண்டுவந்தார். புயலைத் துரத்திப் போய்ப் படம் எடுப்பதற்கு ஏற்றபடி அதை மாற்றித் தரச் சொன்னார்.

அந்தப் பச்சை நிறத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் தம்பியை ராணுவம் ஏற்றிச் சென்றதும் இப்படியொரு ட்ரக்கில்தான். அவன் திரும்பவில்லை.

கண்ணாடிகளுக்குக் கம்பிவலை அடித்தேன். கூரையில் கமரா வைக்கத் தட்டுப் பொருத்தினேன். பிறகு, யாரும் கேட்காமலே, உள்ளேயிருந்த பச்சைப் பெயின்ற் முழுவதையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்தேன்.

வண்டியை எடுக்க வந்த டேவ், சாரதிக் கதவின் உட்புறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“என் மகன் இங்கேதான் தன் பெயரைக் கீறியிருந்தான்,” என்றார்.

ராணுவத்தில் அந்த ட்ரக்கை ஓட்டியவனாம். இறந்துவிட்டான். புயல் பார்க்கும் ஆசையும் அவனுடையதுதானாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆனால், அந்த எழுத்துகளை நான் பார்த்திருந்தேன். யாரோ ஒரு சிப்பாயின் பெயர் என்றுதான் அந்த இடத்தில் கூடுதலாக அழுத்தித் தேய்த்தேன்.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“தம்பியும் அந்த ஆமி ட்ரக்கில எங்கயாவது தன்ர பேரைக் கீறியிருப்பானோ, என்னப்பா?”

கீறியிருந்தால், அதை யாரும் தேய்த்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.