சுளுக்கு என்று சொல்லி வந்த கால்

துக்கம் விசாரிக்க வருபவர்கள் என் மனைவியைச் சாந்தமானவர் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சென்ற ஆண்டு அவள் இறந்ததிலிருந்து, பிறர் சொல்வதற்குத் தலையசைப்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் அவர்கள் எழுந்து சென்றபின் என் நினைவில் நிற்பவள், எக்ஸ்ரே கேசட்டால் ஒரு மனிதனின் முகத்தில் அடித்தவள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. பல்லடம் சாலையில், அருள்புரத்துக்குச் சற்று முன்னால், கீழே என் எக்ஸ்ரே நிலையமும் மேலே வீடுமாக இருந்தோம். எலும்புப் படங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். வந்தவற்றில் பாதி கால்கள். நாளெல்லாம் தையல் மெஷினின் பெடலை அழுத்திய குதிகால், துணிப் பேல் மூட்டை விழுந்து நசுங்கிய விரல், மொபெட்டோடு சரிந்த கணுக்கால் என்று பனியன் கம்பெனிகள் அனைத்தும் என் மேசைமேல் பாதங்களாக வந்து கிடந்தன.

அதே முன்கூடத்தில் என் மனைவியைத் தேடியும் கால்கள் வந்தன. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நெசவுக் குடும்பத்தில் பிறந்த என் மனைவி அப்படிப் பிறந்தவள். இடது பாதத்தால், பூவை ஒதுக்குவதுபோல, மூன்று முறை நீவிவிடுவாள். “எங்க வீட்டுக்காரர் உங்கள இருட்டு ரூமுல போடுவாருங்க. எங்கிட்ட வந்தா காப்பி உண்டுங்க” என்று என் காது படவே சொல்வாள். ஆனால் காலை வைப்பதற்கு முன், கணு எலும்பின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். எழுந்து நடக்கச் சொல்வாள். எலும்பில் வலித்தாலோ, ஊன்ற முடியாவிட்டாலோ, மிதிக்க மாட்டாள். என் அறையைக் காட்டிவிடுவாள். இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அது ஒரு சனிக்கிழமை பிற்பகல். டெக்னீஷியன் விடுப்பில் இருந்ததால் இருட்டறையிலிருந்து, ஃபிலிமை வைத்து மூடும் தட்டையான உலோகப் பெட்டிகளான கேசட்டுகளை அவள்தான் எடுத்துத் தந்துகொண்டிருந்தாள். ஆள் பிடித்து வேலைக்கு விடும் காண்ட்ராக்டர் ஒருவன், அவனிடம் வேலை செய்த ஓர் இளைஞனைத் தோளில் தூக்கி வந்து முன்கூடத்துப் பெஞ்சில் போட்டான்.

“படியில வழுக்கிட்டானுங்க அக்கா. சுளுக்குத்தான். நாலு மிதி மிதிச்சு விடுங்க, போயிர்றோம்.”

பாதம் கணுவிலிருந்து வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. உட்பக்கத்துத் தோல், கீழிருந்து எலும்பு முட்டியதால், வெளுத்து மினுங்கியது. நான் பாதத்தின் மேற்புறம் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இருந்தது, மிகவும் மெலிந்திருந்தது. எலும்பு விலகி இரத்தக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. இரத்த ஓட்டம் முழுவதும் நின்று, நேரமும் கடந்தால், காலை எடுக்க வேண்டி வரும். உடனே மேசைக்குத் தூக்குங்கள் என்றேன்.

காண்ட்ராக்டர் குறுக்கே நின்றான். “படமெல்லாம் வேண்டாமுங்க டாக்டரே. படம் எடுத்தா போலீசுக்குச் சொல்லோணும்பீங்க.”

“சொல்லத்தான் வேண்டும்.”

“அதுக்குத்தானுங்க அக்காகிட்ட வந்தது.” அவள் பக்கம் திரும்பினான். “நீங்க காலை வைங்க அக்கா.”

“இது சுளுக்கு இல்லீங்க. ஒடைஞ்சிருக்குது. வைக்க மாட்டனுங்க.”

“ஊருக்கெல்லாம் மிதிக்கிறீங்க, எங்க ஆளுக்குன்னா மட்டும் கால் வலிக்குதுங்களா?”

பெஞ்சில் கிடந்தவன் தெற்கத்திக்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். “பொய் சொல்லுதான்மா. மூணாவது ஷிப்ட்டு பாக்க முடியாதுன்னேன். இரும்பு ஏணியில கம்பிக்கு நடுவுல கால் மாட்டிக் கிடக்கு, தெரிஞ்சே தள்ளி விட்டான்மா.”

“வாய மூடுறா” என்றான் காண்ட்ராக்டர். பிறகு, நாங்கள் நகர்வதற்குள், “நீங்க மாட்டீங்கன்னா நானே மிதிக்கிறனுங்க” என்று செருப்புக் காலைத் தூக்கி அந்தக் கணுவின்மேல் இறக்கினான்.

அந்த ஓசையை நான் விவரிக்கப் போவதில்லை. இளைஞனின் அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது.

என் மனைவியின் கையில் ஃபிலிம் நிரப்பிய கேசட் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, விளிம்பால் காண்ட்ராக்டரின் மூக்கில் அடித்தாள். இரத்தம் சட்டைமேல் கொட்டியது. அவன் அவள் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். ஒருமுறை. இரண்டாம் முறை மோதுவதற்குள் ஆணியில் தொங்கிய, எக்ஸ்ரே கதிரைத் தடுக்க நான் அணியும் ஈய அங்கியை எடுத்து அவன் தலைமேல் வீசினேன். அதன் எடையில் அவன் தடுமாறினான். தள்ளினேன், உதைத்தேன், வாசற்படிக்கு வெளியே அவன் மல்லாந்து விழுந்ததும் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். அதுவரை நான் யாரையும் உதைத்ததில்லை.

“ஏனுங்க, என்னைப் பார்க்காதீங்க. அவரைப் பாருங்க” என்றாள். அவள் நெற்றி பிளந்திருந்தது.

இருவருமாக இளைஞனை மேசையில் கிடத்தினோம். ஃபிலிம் நிரப்பியிருந்தது அந்த ஒரு கேசட்தான். அதன் மூலை விரிந்துவிட்டது. ஒளி கசியும் என்று தெரிந்தே அதைக் காலடியில் வைத்தேன். வழக்கமாக நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பாதத்தைச் சற்று உட்புறம் திருப்பி ஒன்று என எடுப்போம். திருப்பும் நிலையில் இல்லை அந்தப் பாதம். நேராக ஒன்று மட்டும் எடுத்தேன். வெளியே காண்ட்ராக்டரோடு இன்னும் சிலர் சேர்ந்துவிட்டார்கள். ஷட்டரைக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை விளக்கின் முன் பிடித்தேன். ஒரு மூலை ஒளிபட்டுக் கறுத்திருந்தது, எலும்புகள் தப்பியிருந்தன. கணுவின் இருபுற எலும்புகளும் முறிந்து, நடுவில் உட்கார வேண்டிய எலும்பு தன் கிண்ணத்தை விட்டு முழுவதும் வெளிப்புறம் போயிருந்தது. போன திசை தெரிந்தது. திரும்பி வர வேண்டியது அதற்கு நேர் எதிரே. மறுபடி பாதத்தில் விரல் வைத்தபோது நாடி இல்லை.

கோவையில் எலும்பு அறுவை மருத்துவனான என் நண்பனைத் தொலைபேசியில் பிடித்தேன். படத்தைச் சொன்னேன், நாடி இல்லை என்றேன்.

“என்னிடம் வந்து சேரும்வரை தாங்காது. நீயே இழு.”

“படிக்கும் காலத்தில் இழுத்தது.”

“அன்றைக்கு இருந்த அதே கால்தானே மனிதனுக்கு இன்றும்? ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன். இழு.”

மயக்க மருந்து இல்லை. என் நிலையத்தில் அதற்கு இடமும் இல்லை. இளைஞனின் முழங்காலை மடக்கி, அதன் கீழ் என் மனைவி இரு கைகளையும் கோத்துப் பின்னால் சாய்ந்தாள். நான் ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் பாதத்தையும் பிடித்தேன். இளைஞன் என்னை ஏசினான். என் தாயை, தொழிலை, பரம்பரையை ஏசினான். இழுத்தேன். வரவில்லை. வெளியே ஒரு கல் என் பெயர்ப்பலகைக் கண்ணாடியை உடைத்தது. வளைந்த பக்கமே இன்னும் வளைத்து, நீட்டி, முழு உடல் எடையோடு உட்புறமாகத் திருப்பினேன். அவன் நிமிர்ந்து என் தோளில் கடித்தான். உள்ளங்கையில் ஒரு கனமான நழுவல் தெரிந்தது. பாதம் நேரானது.

வெளுத்திருந்த தோலில் நிறம் ஏறுவதற்கு நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. இழுத்து மரத்துப்போன என் விரலுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவள் தன் விரலை அங்கே வைத்துக் கண்களை மூடினாள்.

“வருதுங்க” என்றாள்.

“எய்யா, உயிரையே உருவிட்டீரே” என்றான் இளைஞன், இயல்பான குரலில், முதன்முறையாக.

சத்தம் கேட்ட அக்கம்பக்கத்தார் சொல்லிப் போலீஸ் வந்து ஷட்டரைத் திறக்கச் சொன்னபோது காண்ட்ராக்டர் மூக்கில் துண்டோடு அவர்களுக்கு முன்னால் நின்றான். அவனை அடித்தது யார் என்று கேட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, விரல் பாதத்திலேயே இருந்தது.

“நானுங்க. மறுக்கா மிதிக்க வந்தா மறுக்கா அடிப்பனுங்க.”

ஆம்புலன்ஸில் அவளே ஏறிக்கொண்டாள். நெற்றிக்குத் தையல் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, அங்கேயே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். வழி நெடுக அந்த நாடியை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை வேறு யாரிடமும் அவள் ஒப்படைப்பதாக இல்லை. நான் போலீசிடம் நடந்ததைச் சொல்லி முடித்து, தரையில் இருந்த இரத்தத்தைக் கழுவினேன். அதில் எது யாருடையது என்று தெரியவில்லை.

இருட்டிய பிறகு கோவையிலிருந்து தொலைபேசி வந்தது. உலோகத் தகடும் திருகும் வைத்து அறுவையை முடித்துவிட்டார்கள் என்றாள். நெற்றியைப் பற்றிக் கேட்டேன். 

“காலு வெதுவெதுன்னு இருக்குதுங்க. பெருவிரல அசைக்கச் சொன்னாங்க, அசைச்சுட்டாருங்க” என்றாள்.