எக்ஸானரேட் எங்கிருந்து வந்தது?

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிற தொழிலில், தெரியாத வார்த்தை ஆளைக் கவிழ்க்காது. தெரிந்த மாதிரி தாண்டிப்போன வார்த்தைதான் கவிழ்க்கும். சக வாத்தியார்களே, உங்களுக்கும் நடந்திருக்கும்.

மாட்டிக்கொண்டேன்

மல்காஜ்கிரியில் ஞாயிறு காலை வகுப்பு. பாடத்தில் 'எக்ஸானரேட்' வந்தது. "குற்றமில்லைன்னு விடுவிக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தாவினேன். அப்பாஸ் பாய் கை தூக்கினார். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் சரக்கு ஏற்றி இறக்கியவர். பேத்தியோடு இங்கிலீஷில் பேசுவதற்காக வருகிறவர். "அதுக்கு ஏன் மேடம் அந்தப் பேரு?"

"இங்கிலீஷ்ல அதெல்லாம் கேட்கக் கூடாது பாய்."

அவர் நோட்டை மூடிவிட்டார். "கைக்கு? ஏன் கேட்கக் கூடாது? எங்கேருந்து வருதுன்னு எழுதலேன்னா நாங்க பார்சலே வாங்க மாட்டோம்!"

பிரித்துப் பார்த்தேன்

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை. பெரிய அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'ஓனெரா' என்றால் சுமைகள். 'எக்ஸ்' என்றால் வெளியே. சுமையை இறக்குவது! ஒரு காலத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்கும் இதே வார்த்தைதானாம். எனக்குப் புல்லரித்தது. அடுத்த ஞாயிறுவரை தாங்காது என்று பாய்க்கு போன் போட்டு மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அப்போ முப்பது வருஷமா நான் எக்ஸானரேட் பண்ணிட்டு இருந்திருக்கேன், ஒருத்தனும் சொல்லலையே மேடம்!"

செல்வராணியின் கடிதம்

செல்வராணிக்கு பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. லேபிளை மாற்றி ஒட்டினாள் என்று விசாரணை வைத்து, இரண்டு மாதமாக வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். விசாரணையில் தானே பேச வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். எக்ஸானரேட் வந்த ஞாயிறு உட்பட நாலு வாரம் ஆளைக் காணோம். பிறகு ஒரு ஞாயிறு, மடித்த கடிதத்தோடு வாசலில் நின்றாள். "முடிவு வந்திருக்கு மேடம். 'எக்ஸ்'னு ஆரம்பிக்கிற ஒரு வார்த்தை கண்ணுல பட்டுது. 'எக்ஸ்'னா முன்னாள்தானே, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு மடிச்சுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். "யூ ஆர் ஃபுல்லி எக்ஸானரேட்டட்" என்று கத்தியே படித்தேன். வகுப்பே எழுந்து, "இறக்கியாச்சு! இறக்கியாச்சு!" என்று கூவியது. ஒன்றும் புரியாமல் விழித்தவளுக்குப் பாய்தான் அர்த்தம் சொன்னார். அழுதாள், சிரித்தாள், கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் கிளம்பறேன் மேடம், இந்த வார்த்தையை எங்க அம்மாகிட்ட என் வாயாலதான் சொல்லணும்!"

அதிலிருந்து எந்த வார்த்தையையும் பூர்வீகம் விசாரிக்காமல் விடுவதில்லை என்பதால், எங்கள் வகுப்பு இன்னும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.